உள் வட்டமும் வெளி வட்டமும்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்தில், ஒரு மழை நாளன்று, வந்த திசையையே பார்த்துக்கொண்டு ஒரு பழைய கார் நடு ரோட்டில் நின்றது. அதன் பின் ஆசனத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த யோக்கியதை போதும் என்று நினைக்கிறேன்.

என் கல்லூரிச் சிநேகிதன் ஒருவன் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் என்ஜினீயராக இருக்கிறான். அவனிடம் 1969-ஆம் வருஷத்து மஸ்டாங் ஒன்று உண்டு. இந்த ரக வண்டிகளுக்கு அங்கே 'மஸில் கார்' என்று பெயர். 1964-இல் பாண்டியாக் கம்பெனி, நடுத்தர அளவுள்ள காருக்குள் 6.4 லிட்டர் ராட்சச என்ஜினை வைத்து 'ஜி.டி.ஓ.' என்று விற்றது. அதிலிருந்து அந்த மோகம் நாடெங்கும் பரவிவிட்டது.

சிநேகிதனுக்கு ஒரு குறை. வேகமாகக் கிளப்பினால் பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் சுழன்று புகை விடும்; வண்டி நகராது. பின் அச்சில் 'லாக்கர்' போடுவதா, 'லிமிடெட் ஸ்லிப்' போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். பதினேழு வயது மகனுக்கு அந்த வண்டியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர், லாக்கர் போட்ட தம் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பையன் முன்னால், நான் பின்னால். தெரு முனையில் திரும்பும்போது சிநேகிதன் கொஞ்சம் அதிகமாகவே காலை அழுத்தினான். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்பா, என்ன ஆச்சு?" என்றான் பையன். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. நல்லவேளை, எதிரே லாரி எதுவும் வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் முதல் இந்தச் சங்கதியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன்.

களத்தில் பிணையல் மாடுகள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள் வட்டத்து மாடு அடிமேல் அடி வைத்து நகரும்; வெளி வட்டத்து மாடு எட்டி நடக்கும். திரும்புகிற வண்டியின் சக்கரங்களும் அப்படித்தான். மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அச்சில் தனித்தனியே சுழல்வதால் தொல்லை இல்லை. என்ஜின் வந்து இரண்டையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியபோதுதான் சிக்கல் பிறந்தது.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பாரிஸைச் சேர்ந்த ஒனெஸிபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி. 1827-28 வாக்கில், நீராவி வண்டிக்காக, அச்சின் நடுவே சில பல்சக்கரங்களை வைத்து உரிமை பெற்றார். இன்றும் நம் கார்களில் இருக்கும் 'டிபரன்ஷியல்' அதன் வம்சம்தான். இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு, முறுக்கு விசையை மட்டும் இருவருக்கும் சமமாகப் பங்கிடுகிறது.

இந்தச் சமத்துவத்தில்தான் கோளாறு. ஒரு சக்கரம் சேற்றில் நின்றால் அதற்குக் கொஞ்ச விசைதான் தாங்கும். மற்றதற்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். பலவீனனின் அளவே பலசாலிக்கும் அளவாகிவிடுகிறது.

பந்தயக்காரர்கள் இதைப் பொறுப்பார்களா? ஜெர்மனியில் பெர்டினாண்ட் போர்ஷே, ஆட்டோ யூனியனுக்காக 16 சிலிண்டர் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட அதன் பின் சக்கரம் ஒன்று வீணாகச் சுழன்றது. 1935-இல் இசட்.எப். என்ற கம்பெனியிடம் சொல்லி, நழுவலுக்கு வரம்பு கட்டும் டிபரன்ஷியல் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1956-இல் பாக்கார்ட், 1957-இல் ஷெவர்லே என்று அமெரிக்கக் கம்பெனிகளும் அதைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தன. ஆளுக்கொரு பெயர்: ஷெவர்லேக்குப் 'பாஸிடிராக்ஷன்', பாண்டியாக்குக்கு 'சேப்-டி-டிராக்', கிறைஸ்லருக்கு 'ஷ்யூர் கிரிப்'.

'மை கஸின் வின்னி' என்ற 1992-ஆம் வருஷத்துப் படத்தில், கொலை வழக்கில் சிக்கிய இரண்டு இளைஞர்களின் உயிர் இந்த டிபரன்ஷியலில்தான் தொங்குகிறது. தரையில் இரண்டு சக்கரத் தடமும் ஒரே மாதிரி இருக்கின்றன. இளைஞர்களின் ப்யூக் காருக்குப் பாஸிடிராக்ஷன் கிடையாது. ஆகவே ஓடியது வேறு கார் என்று மோட்டார் விஷயம் அறிந்த ஒரு பெண் கோர்ட்டில் நிரூபிக்கிறாள். அந்த வேஷத்துக்காக மரிஸா டோமே ஆஸ்கார் பரிசு வாங்கினார்.

லிமிடெட் ஸ்லிப்பில் பெரும்பாலும் கிளச் தகடுகள் இருக்கின்றன. ஒரு சக்கரம் வரம்பு மீறிச் சுழல முயன்றால், தகடுகள் உரசி அதைத் தடுத்து, விசையை மற்றதற்குத் திருப்பும். திருப்பத்தில் சற்று நழுவியும் கொடுக்கும். தகடுகள் நாளடைவில் தேயும். அதற்கென்று உள்ள மருந்தை எண்ணெயில் கலக்காவிட்டால் திரும்பும்போது முனகும்.

லாக்கரின் குணம் நேர்மாறு. இரண்டு சக்கரங்களையும் பூட்டி வைப்பதே அதன் இயல்பு. திருப்பத்தில் வெளிச் சக்கரம் முந்தும்போது மட்டும் அதை விடுவிக்கும். அப்போது உள் சக்கரமே முழுச் சுமையையும் இழுக்கும். காலை அழுத்தினால் 'டக்'கென்று மறுபடி பூட்டிக்கொள்ளும். நேர்கோட்டுப் பந்தயத்துக்கு அதற்கு இணை இல்லை. 1969 மஸ்டாங்கில் பந்தயப் பிரியர்களுக்கென்று ஃபோர்ட் தந்த 'டிராக் பாக்'கிலேயே 3.91 பல் விகிதத்துக்கு லிமிடெட் ஸ்லிப்பும், 4.30-க்கு லாக்கரும் கிடைத்தன. வண்டி பந்தயத்தை நெருங்க நெருங்கப் பூட்டும் இறுகியது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஓர் உண்மை விளங்கியது. சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்று மானம் போகும்போது, வேலை செய்யாதது போல் நிற்கிற மற்றச் சக்கரம் சும்மா இருப்பதில்லை. பக்கவாட்டில் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியின் வாலைக் காப்பது அதுதான். இரண்டையும் சேர்த்துச் சுழல வைத்தால் காப்பவன் யாரும் இல்லை. வால் தன் இஷ்டத்துக்குப் போகும். குடும்பத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தானே?

இதைச் சிநேகிதனிடம் சொன்னேன். என்ஜினீயருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அவனுக்குத் தெரிந்ததை நடு ரோட்டில் மறந்திருந்தான், அவ்வளவுதான். "வீதியில் ஓடுகிற வண்டிக்கு லிமிடெட் ஸ்லிப்பே போதும்" என்றான். கிளச் அழுத்தத்தைக் கடுமையாக வைக்காமல் மிதமாகவே வைத்தான். நழுவல் குறையுமே தவிர, ஈர ரோட்டில் அழுத்தினால் இதுவும் வாலை வீசும் என்று மகனுக்குப் பத்துத் தடவை சொன்னான். ரோட்டில் உப்புக் கொட்டுகிற பனிக்காலத்தில் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது.

பையன் சென்ற மாதம் எனக்கு எழுதியிருந்தான்: "அங்கிள், முதல் மழையில் ஓட்டினேன். போகிற திசையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்."