அரண்மனை: ஒரு சொல்லும் அதன் வாயிலும்

கடப்பாக்கத்தை அடுத்த கழிமுகத்தில் நிற்பது ஆலம்பரைக் கோட்டை. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்து, நாணயம் அடிக்கும் இடமாக இருந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. எஞ்சியவை செங்கல்லும் சுண்ணாம்புமான மதில் துண்டுகள்தான். ஊரார் இதைக் கோட்டை என்கிறார்கள், அரண்மனை என்பதில்லை. தஞ்சாவூரில் கதை தலைகீழ். பெரிய கோட்டையின் மதில் பெரும்பாலும் போய்விட்டது. நாயக்கர் கட்டத் தொடங்கி, மராட்டிய அரசு 1855இல் முடியும்வரை புழங்கிய அரண்மனை மட்டும் நிற்கிறது. அதற்குள் 1951 முதல் கலைக்கூடம் நடக்கிறது. ஓரிடத்தில் அரண் மிஞ்சியது, மற்றோரிடத்தில் மனை மிஞ்சியது. அரசன் வீட்டுக்குத் தமிழ் அடுத்தடுத்து வைத்த பெயர்களைப் பின்தொடர்ந்தால், அந்த வாயிலுக்குள் யார் நுழையலாம் என்ற ஒரே கேள்வியின் வரலாறு கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அருங்காட்சியகம் அந்த வரிசையில் கடைசிப் பெயர்.

இந்த ஆராய்ச்சிக்குக் கடப்பாக்கம் பொருத்தமான தொடக்கம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் கடப்பாக்கம் அடங்கிய இடைக்கழிநாட்டுக்காரர். அவர் பாடிய அரசன் நல்லியக்கோடனின் ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் காவற் சொற்களாகவே இருக்கின்றன. எயிற்பட்டினத்தில் எயில், அதாவது மதில். கிடங்கில் என்பதில் கிடங்கு, அதாவது அகழி. முன்னதை மரக்காணத்தோடும் பின்னதைத் திண்டிவனத்தோடும் அறிஞர் இணைப்பர். மதிலும் அகழியும் ஊருக்கே பெயரான காலத்தில், அரசன் வாயிலை அந்தப் புலவர் இரு முகமாகக் காட்டுகிறார். பகைவருக்கு அது அருங்கடை, நுழைய அரிதான வாயில். பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்காத வாயில். காவலும் வரவேற்பும் ஒரே கதவின் வேலையாக இருந்தன.

அன்று அரசன் வீட்டுக்கு வழங்கிய முதன்மையான பெயர் அரண்மனை அன்று, கோயில். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இருப்பதும் கோயிலில்தான். கண்ணகி வாயில்காவலனிடம் பேசுவது அந்தக் கோயில் வாசலில்தான். பக்தி இயக்கம் வளர வளர, ஊர்தோறும் கற்றளிகள் எழ எழ, இச்சொல் முழுவதும் தெய்வத்தின் பக்கம் போயிற்று. அரசன் வீட்டுக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. சோழர் காலத்தில் மாளிகை என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் தொல்லியல் துறை 1980 முதல் அகழ்ந்த செங்கல் அடித்தளங்கள் கிடைத்த இடத்துக்கு இன்றும் மாளிகைமேடு என்றே பெயர். கோயில் கல்லாலானதால் நின்றது. மாளிகை செங்கல்லும் மரமும் ஆனதால் மேடாயிற்று. தமிழகத்தில் நாம் நுழைந்து பார்க்கக்கூடிய அரண்மனைகள் பெரும்பாலும் நாயக்கர் காலத்துக்கு முந்தாதவையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அரண்மனை என்ற சொல்லை அரண் சூழ்ந்த மனை என்று பிரிப்பது வழக்கம். இதற்கு வலுவான மறுப்பு உண்டு. கன்னடத்தில் அரமனெ, மலையாளத்தில் அரமன, தமிழ்ப் பேச்சிலும் அரமனை. எதிலும் ணகர ஒற்று இல்லை. கன்னட அறிஞர் இதை அரசனின் மனை என்றே கொள்வர். மண்ணும் மகளும் சேர்ந்தால் மண்மகள் ஆகிறதே தவிர ஒற்று கெடுவதில்லை. ஆகவே அரண் என்பது பிற்காலத்தார் கற்பித்த பொருளாக இருக்கலாம் என்பது நியாயமான ஐயம். அப்படியே கொண்டாலும் என் வாதம் தளரவில்லை. சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. பேசியவர்கள் அதில் எதைக் கேட்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. அரசன் வீட்டை வெளியே நின்று பார்த்தவர் கண்ணுக்கு முதலில் பட்டது காவல். அதனால்தான் எழுத்தில் அரண் உறுதியாக உட்கார்ந்தது. மலையாளத்தில் அரமன ஆயர் இல்லத்தையும் குறிக்கிறது. அங்கே மதிலும் இல்லை, மன்னனும் இல்லை, அதிகாரம் மட்டும் உண்டு. தமிழ்நாட்டு ஜமீன்களிலும் அரண்மனைக்குச் செலுத்துவது என்றால் வரியும் வாரமும்தான். குடியானவனுக்கு அரண்மனை என்பது வசிக்கும் வீடாக அல்ல, கணக்குப் பார்க்கும் கச்சேரியாகவே பழக்கம்.

ஆகவே அரண்மனை அருங்காட்சியகம் ஆவது எளிய பெயர்மாற்றம் அன்று. சென்னையில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தை மக்கள் செத்த காலேஜ் என்றார்கள். உயிரற்ற பொருள்களைப் பார்க்கும் இடம் என்று நேராகச் சொன்ன பெயர் அது. பின்னால் வந்த கலைச்சொல்லில் அகம் இருக்கிறது, அதுவும் வீடுதான். அரு என்ற அடையும் இருக்கிறது. அருங்கடையில் அது நுழைய அரிது என்ற பொருள் தந்தது. இங்கே காண அரிது என்று மாறி, வாயிலிலிருந்து பொருளுக்கு நகர்ந்துவிட்டது. சீட்டு வாங்கிய எவரும் வாயிலைக் கடக்கலாம்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் இந்தப் பெயர்மாற்றங்கள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாம்பு சுற்றியதுபோல் கூந்தல் தலைப்பாகையாக முடிந்திருக்க, வலக்கை மடங்கி ஏதோ ஒன்றின்மேல் சாய்ந்த நிலையில் நிற்கிறது. சாய்ந்திருந்த காளை இல்லை. ஒரு காலத்தில் அரசனிடமிருந்து கோயில் என்ற பெயரை வாங்கிக்கொண்ட தெய்வம், இப்போது அரசன் வீட்டில் குடியிருக்கிறது. பூசை இல்லாமல் தெய்வத்தை இங்கே நிறுத்துவது தகுமா என்று கேட்பவர் உண்டு. மண்ணுக்குள் புதைந்திருந்தது காக்கப்பட்டது என்பது பாதி விடைதான். பிறந்த இடத்திலிருந்து பிரிந்தது என்பதும் உண்மை. மீதி விடையை அருங்காட்சியகமே தரவேண்டும். அங்குள்ள ஒவ்வொரு திருமேனிக்கும் எந்த ஊர், எந்தக் கோயில், எப்படி வெளிவந்தது என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு கூடத்துக்கும் அங்கே யார் தடுக்கப்பட்டார், யார் கணக்குக் கொடுத்தார் என்று சொல்லவேண்டும். சிம்மாசனத்தையும் வாளையும் மட்டும் காட்டும் அரண்மனை அரணையும் மறைக்கிறது, மனையையும் மறைக்கிறது. வாயிலைத் திறந்துவிட்டதாக அது சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான்.