ஒவ்வொரு கேசட்டும் புதுப் பதிவு

போன தடவை பெரிய ஸ்டுடியோக்களைப் பற்றிப் பேசினேன். இன்னைக்கு ஸ்டுடியோவே இல்லாத ஒருத்தர்: டேனியல் ஜான்ஸ்டன்.

1980களின் தொடக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெற்றோர் வீட்டு நிலவறை. ஒரு பியானோ, ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர், அவ்வளவுதான். நகலெடுக்க வசதி கிடையாது. யாராவது கேட்டால், மொத்தப் பாட்டையும் மறுபடி பாடிப் பதிவு செய்து கொடுப்பாராம்! படமும் வரைவார்.

அப்புறம் ஆஸ்டின் நகரில் மெக்டொனால்ட்ஸில் வேலை. வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேசட். 1992இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அவர் வரைந்த தவளைப் படம் போட்ட டீ-ஷர்ட்டில் வந்ததும் கம்பெனிகள் தேடி ஓடின. ஜான்ஸ்டன் அப்போது மனநல மருத்துவமனையில் இருந்தார்.

வரலாறு படிக்கிற எனக்கு மூலப் பதிவைத் தேடுவது பழக்கம். இவர் விஷயத்தில் எதைத் தேடுவது? கைக்குக் கை கொடுத்த ஒவ்வொன்றும் மூலம்தானே. அதில் எத்தனை யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ.