தன் பெயரைத் தேடிய நாயகன் – ரத்தப் படலம்

தமிழில் காமிக்ஸ் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் இரும்புக்கை மாயாவிதான். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்தால் மறையும் சக்தி பெற்று, முதல் கதையில் வில்லத்தனமும் செய்துவிட்டுத்தான் நல்லவரானார் மாயாவி! பேட்மேன், கண்ணெதிரே பெற்றோர் சுடப்பட்டதைப் பார்த்த சிறுவன். இருவருக்கும் தங்கள் காயம் எதுவென்று தெரியும். பட்ட காயம் எதுவென்றே தெரியாத ஒருவனின் கதை ரத்தப் படலம்.

1984-ல் பெல்ஜியத்தின் ஸ்பிரூ இதழில் ஆரம்பமான தொடர் இது. கதை வான் ஹாம், ஓவியம் வில்லியம் வான்ஸ். ராபர்ட் லட்லம் 1980-ல் எழுதிய நாவலில் வரும் ஜேசன் போர்னின் சாயல் நிறையவே உண்டு. தலையில் குண்டுக் காயத்தோடு கடற்கரையில் ஒதுங்குகிறான் ஒருவன். ஒரு வயதான தம்பதி காப்பாற்றுகிறார்கள். பழைய நினைவு எதுவும் இல்லை. கழுத்தெலும்பருகே ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது, அவ்வளவுதான். சூப்பர் சக்தி கிடையாது. துப்பாக்கி எடுத்தால் மட்டும் கை தானாக வேலை செய்கிறது. அதுவே அவனைப் பயமுறுத்துகிறது: இவ்வளவு நன்றாகக் கொல்லத் தெரிந்த நான் யார்?

(இனி முடிச்சு அவிழும். படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.)

அமெரிக்க ஜனாதிபதி வில்லியம் ஷெரிடனைச் சுட்டவன் என்று அவனைத் தேடுகிறார்கள். ஸ்டீவ் ரோலண்ட் என்ற பெயரோடு ரோலண்டின் குடும்பத்துக்கே போய் நிற்கிறான். அங்கே வீட்டுக்குள்ளேயே கொலை விழுகிறது, பழி இவன் தலையில். பிறகு ராஸ் டேனர், ஜேசன் ஃப்ளை என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன. ஜனாதிபதியைக் கொன்ற சதிக்கும்பலின் 'நம்பர் 1' யார் என்பது எட்டாம் பாகத்தில்தான் உடைகிறது. வேறு யாருமில்லை, செத்தவரின் உடன்பிறந்த தம்பி வாலி ஷெரிடன்! அண்ணன் சாவில் கிடைத்த அனுதாபத்திலேயே பதவிக்கு வந்தவர். நம்மூர் பங்காளிச் சண்டையை வெள்ளை மாளிகையில் வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. தொடரின் உச்சம் இதுதான். பின்பாகங்களில் அப்பா, பூர்வீகம், புதையல் என்று இழுத்துவிட்டார்கள்.

மூலக்கதையின் கடைசி இரு பாகங்கள் வந்தது 2007-ல். அதாவது 23 வருடம். தமிழில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ்தான் இதை வெளியிட்டது. சின்ன சைஸ், கறுப்பு வெள்ளை, ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. பள்ளிச் சிறுவனாகத் தொடங்கியவர் கையில் குழந்தையோடு அடுத்த பாகத்துக்குக் காத்திருந்திருப்பார். கன்னித்தீவு கூட தினமும் வந்தது! நடுவில் ஒரு இதழ் தவறினால், பெயர்கள் மாறும் வேகத்தில் நாயகனுக்கு மட்டுமல்ல, வாசகனுக்கும் நினைவு தப்பும். பழைய இதழ்களுக்காகப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்ததற்கு வெறும் சேகரிப்பு ஆசை மட்டும் காரணமில்லை. கதை புரிய அதுதான் வழி.

இதற்கு முடிவு 2010-ல் வந்தது. 18 பாகங்களையும் ஒரே தொகுப்பாக, 800 பக்கங்களுக்கு மேல், 200 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு பாகம் சுமார் 11 ரூபாய். பெரிய பதிப்பகங்களே யோசிக்கும் விலை அது. 2018-ல் அதே கதை முழு வண்ணத்தில், மூன்று புத்தகங்களாக மறுபடி வந்தது. கறுப்பு வெள்ளைத் தொகுப்பை ஏற்கெனவே வைத்திருந்தவர்களும் அதை வாங்கினார்கள்.