கிரெட்டே வைட்ஸ்

கிரெட்டே வைட்ஸ் (அக்டோபர் 1, 1953 – ஏப்ரல் 19, 2011) நோர்வே நாட்டைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்ட வீராங்கனை ஆவார். இவர் 1978 முதல் 1988 வரையான காலப்பகுதியில் நியூயார்க் மாரத்தான் போட்டியில் ஒன்பது முறை முதலிடம் பெற்றார். 42.195 கி.மீ. நீளமுள்ள மாரத்தானை இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் பெண் இவரே. 1983 ஆம் ஆண்டு ஹெல்சின்கியில் நடைபெற்ற முதலாவது உலகத் தடகளப் போட்டியில் மாரத்தானில் தங்கப் பதக்கமும், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். நீண்ட தொலைவு ஓடப் பெண்களால் இயலாது என்ற கருத்து விளையாட்டு அமைப்புகளில் வேரூன்றியிருந்த காலத்தில், அக்கருத்தைத் தமது ஓட்டங்களால் பொய்யாக்கியவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

பின்னணி

ஆண்களுக்கான மாரத்தான் 1896 ஆம் ஆண்டின் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்களுக்கோ 1928 ஆம் ஆண்டில்தான் 800 மீட்டர் ஓட்டம் அனுமதிக்கப்பட்டது. அப்போட்டி பெண்களின் உடலுக்குத் தாங்காது எனக் கூறி உடனடியாக நீக்கப்பட்டு, 1960 வரை மீண்டும் நடத்தப்படவில்லை. 1500 மீட்டர் ஓட்டம் 1972 இல் சேர்க்கப்பட்டது. 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய மிக நீண்ட தொலைவு இதுவே. வைட்சின் ஓட்ட வாழ்க்கையின் முற்பகுதி முழுவதும் இந்த வரையறைக்குள்ளேயே அமைந்தது.

தொடக்க காலம்

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் பிறந்த இவரது இயற்பெயர் கிரெட்டே ஆண்டர்சன். இவருக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தனர். பள்ளிப் பருவத்திலேயே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிய இவர், தமது 18 ஆம் வயதில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். எனினும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. 1974 இல் ரோம் நகரில் நடைபெற்ற ஐரோப்பியத் தடகளப் போட்டியில் அதே பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

1975 இல் ஒஸ்லோவில் 3000 மீட்டர் தொலைவை 8 நிமிடம் 46.6 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு அதனை 8 நிமிடம் 45.4 நொடிகளாகக் குறைத்தார். ஆனால் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 3000 மீட்டர் ஓட்டம் இல்லை. எனவே உலக சாதனையாளரான வைட்ஸ் தமக்கு அத்துணை பொருந்தாத 1500 மீட்டரிலேயே ஓட நேர்ந்தது. அரையிறுதியுடன் அவரது வாய்ப்பு முடிவுற்றது.

இக்காலத்தில் வைட்ஸ் ஒஸ்லோவில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி வந்தார். பள்ளி தொடங்கும் முன் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்வது அவரது வழக்கம். 1975 இல் இவரை மணந்த கணவர் ஜாக் வைட்ஸ் இவருக்குப் பயிற்சித் துணையாகவும் இருந்தார்.

திறந்தவெளி ஓட்டம்

புல்வெளி, சேறு, மேடு பள்ளம் ஆகியவற்றின் ஊடாக ஓடப்படும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் வைட்ஸ் ஐந்து முறை உலக வாகையராக விளங்கினார். அவை வருமாறு:

1978 – கிளாஸ்கோ
1979 – லிமெரிக்
1980 – பாரிஸ்
1981 – மாட்ரிட்
1983 – கேட்ஸ்ஹெட்

1982, 1984 ஆகிய ஆண்டுகளில் இதே போட்டியில் வெண்கலம் பெற்றார்.

நியூயார்க் மாரத்தான்

1978 ஐரோப்பியத் தடகளப் போட்டியில் 3000 மீட்டரில் வெண்கலமே கிடைத்ததை அடுத்து, ஓட்டத்திலிருந்து விலகுவது குறித்து வைட்ஸ் எண்ணலானார். அந்நிலையில் நியூயார்க் மாரத்தானில் ஓடிப் பார்க்குமாறு கணவர் வற்புறுத்தினார். போட்டியின் அமைப்பாளரான பிரெட் லெபோ, வைட்ஸ் இறுதிவரை தாக்குப்பிடிப்பார் என எதிர்பார்க்கவில்லை. ஏனைய வீராங்கனைகளுக்குத் தொடக்கத்தில் வேகம் அமைத்துக் கொடுப்பார் என்ற எண்ணத்திலேயே அவரை அழைத்தார். அதுவரை வைட்ஸ் பயிற்சியில்கூட ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவுக்கு மேல் ஓடியதில்லை.

போட்டி அக்டோபர் 22, 1978 அன்று நடைபெற்றது. பாதையில் தொலைவு மைல் கணக்கில் குறிக்கப்பட்டிருந்ததால், கிலோமீட்டருக்குப் பழகிய வைட்சுக்கு இன்னும் எவ்வளவு ஓட வேண்டும் என்பது விளங்கவில்லை. முடிவுக்கோடு சென்ட்ரல் பார்க் பூங்காவில் இருப்பதை மட்டும் அறிந்திருந்த அவர், மரங்கள் தென்பட்ட இடங்களிலெல்லாம் பூங்கா வந்துவிட்டதாக எண்ணி ஏமாந்ததாகப் பின்னர் நினைவுகூர்ந்தார். இருப்பினும் 2 மணி 32 நிமிடம் 30 நொடிகளில் முதலாவதாக வந்தார். பெண்கள் மாரத்தானில் அதுவரை உலகின் சிறந்த நேரமாக இருந்த, மேற்கு செருமனியின் கிறிஸ்டா வாலென்சீக் ஓடிய 2:34:47 என்பதைவிட இது இரண்டு நிமிடங்களுக்கு மேல் குறைவாகும். களைப்பும் வலியும் மேலிட, ஓடி முடித்ததும் காலணிகளைக் கழற்றிக் கணவர் மீது எறிந்தார் என்பது பலராலும் கூறப்படும் செய்தி.

மறு ஆண்டு 2:27:33 நேரத்தில் ஓடி இரண்டரை மணி நேர எல்லையைக் கடந்தார். 1980 இல் அதனை 2:25:42 ஆகக் குறைத்தார். இவ்வாறு மூன்றே ஓட்டங்களில் பெண்கள் மாரத்தானின் உலக சாதனை நேரம் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் குறைந்தது. 1981 இல் கால் வலியால் இடையில் விலகினார். நியூயார்க்கில் அவர் பெற்ற வெற்றிகள்:

1978 – 2:32:30
1979 – 2:27:33
1980 – 2:25:42
1982 – 2:27:14
1983 – 2:27:00
1984 – 2:29:30
1985 – 2:28:34
1986 – 2:28:06
1988 – 2:28:07

உலகப் போட்டியும் ஒலிம்பிக்கும்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை நோர்வே புறக்கணித்தது. வைட்ஸ் பங்கேற்கவில்லை. பெண்களுக்கான மாரத்தானை 1984 முதல் ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 1981 இல் எடுக்கப்பட்டது.

ஏப்ரல் 1983 இல் இலண்டன் மாரத்தானை 2:25:29 நேரத்தில் வென்று, தமது 1980 ஆம் ஆண்டு நேரத்தைத் திருத்தினார். ஆயின் மறுநாளே பாஸ்டன் மாரத்தானில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2:22:43 நேரத்தில் ஓடிப் புதிய உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெல்சின்கியில் 2:28:09 நேரத்தில் ஓடிப் பெண்கள் மாரத்தானின் முதல் உலக வாகையர் என்ற சிறப்பை வைட்ஸ் பெற்றார்.

ஆகஸ்ட் 5, 1984 அன்று லாஸ் ஏஞ்சலசில் ஒலிம்பிக்கின் முதல் பெண்கள் மாரத்தான் நடைபெற்றது. ஓட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பெனாய்ட் தனியாக முன்னேறினார். வெயிலில் அவர் தளர்ந்துவிடுவார் என எண்ணி வைட்சும் ஏனையோரும் பின்தொடராது விட்டனர். பெனாய்ட் தளரவில்லை. அவர் 2:24:52 நேரத்தில் தங்கம் வென்றார். வைட்ஸ் 2:26:18 நேரத்தில் வெள்ளியும், போர்த்துகலின் ரோசா மோட்டா 2:26:57 நேரத்தில் வெண்கலமும் பெற்றனர். அதற்கு முன் வைட்ஸ் ஓடி முடித்த மாரத்தான் ஒன்றில்கூடத் தோற்றதில்லை.

தமது மிகச் சிறந்த நேரமான 2:24:54 ஐ 1986 இலண்டன் மாரத்தானில் எட்டினார். முழங்கால் அறுவை மருத்துவத்துக்குப் பின் கலந்துகொண்ட 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஒன்பதாவது முறையாக வெற்றி பெற்றார்.

பிற்காலம்

1990 இல் பிரெட் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. நியூயார்க் மாரத்தானை நடத்தி வந்த அவர் அதன் பாதையில் மீண்டும் ஓட விரும்பினார். நவம்பர் 1, 1992 அன்று வைட்ஸ் அவருடன் இணைந்து ஓடினார். இருவரும் 5 மணி 32 நிமிடம் 35 நொடிகளில் ஒன்றாக முடிவுக்கோட்டைக் கடந்தனர். வைட்ஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட இது இரு மடங்குக்கும் அதிகமாகும். லெபோ 1994 இல் காலமானார்.

ஒஸ்லோவில் 1984 இல் வைட்சின் பெயரால் பெண்களுக்கான 5 கி.மீ. ஓட்டம் தொடங்கப்பட்டது. போட்டியாளர் அல்லாத பெண்களும் ஆயிரக்கணக்கில் இதில் கலந்துகொண்டனர்.

மறைவு

2005 இல் வைட்சும் புற்றுநோய்க்கு உள்ளானார். சிகிச்சைக்கிடையே, புற்றுநோயாளிகளுக்கு உடற்பயிற்சி வாய்ப்புகளை ஏற்படுத்தித் தரும் 'அக்டிவ் மூட் கிரெப்ட்' என்னும் அறக்கட்டளையை 2007 இல் நிறுவுவதில் பங்காற்றினார். இப்பெயருக்குப் 'புற்றுநோய்க்கு எதிராகச் சுறுசுறுப்பு' என்பது பொருள். 2008 இல் நோர்வே அரசின் புனித ஓலாவ் விருது இவருக்கு வழங்கப்பட்டது. ஏப்ரல் 19, 2011 அன்று தமது 57 ஆம் வயதில் ஒஸ்லோவில் காலமானார். அந்நகரின் பிஸ்லெட் விளையாட்டரங்கின் முன் இவரது சிலை நிறுவப்பட்டுள்ளது.