மௌனப்படக் காலமும் தொலைந்த குழந்தையின் கதையும்

மிகையுணர்ச்சி நாடகம் என்று சொல்லும்போதே அச்சொல்லில் ஓர் இகழ்ச்சிக் குறிப்பு ஏறிவிடுகிறது. கண்ணீரும் தற்செயலும் கொடியவனும் நிறைந்த கதை என்பதே அதற்கு வழங்கும் பொதுப்பொருள். மௌனப்படக் காலத்துக் கதைகளுட் பல இவ்வகையின என்று கூறி அவற்றை ஒதுக்கிவிடுவதும் திறனாய்வாளரிடையே வழக்கமாயிற்று. ஆயினும் அக்கதைகளுள் மிகுதியாகப் பயின்றுவந்த ஒன்றாகிய தொலைந்த குழந்தையின் கதை, பாரிசு நகரத்து நாடக மேடையிலிருந்து திருவனந்தபுரத்துத் திரைவரை வந்து சேர்ந்த வழியை நோக்கினால், அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பது புலப்படும்.

மேடையில் பிறந்த மௌனம்

'மெலோடிராமா' என்னும் சொல்லின் முற்பகுதி இசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இசை துணைநிற்க நடிக்கப்பெறும் நாடகம் என்பதே அதன் முதற்பொருள். 1800ஆம் ஆண்டு பிக்செரேகூர் என்பார் பாரிசில் அரங்கேற்றிய 'செலினா' என்னும் நாடகம் இவ்வகைக்குத் தலைமை எடுத்துக்காட்டாகக் கூறப்படும். 'மர்மக் குழந்தை' என்பது அதன் மற்றொரு பெயர். செல்வ இல்லத்தில் வளர்ந்த பெண்ணொருத்தி பிறப்பைக் காரணங்காட்டி வெளியேற்றப்படுகிறாள். அவளைப் பெற்றவனோ பேச்சிழந்த ஓர் ஏழை. உண்மை அறிந்தவன் வாய்திறக்க இயலாதவனாக இருக்கிறான். வாய்வல்ல கொடியவன் பொய்யுரைத்து வெல்கிறான். இந்நிலையில் உண்மையைச் சுமக்கும் பொறுப்பு மெய்ப்பாட்டுக்கும் இசைக்கும் உரியதாகிறது. திரைப்படம் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே மெலோடிராமா மௌனத்தின் ஆற்றலை அறிந்திருந்தது என்பதற்கு இந்நாடகமே சான்று.

இவ்வகைக் கதைகளின் உயிர்நிலை அடையாளங்காணல் என்னும் உறுப்பாகும். ஒரு தழும்போ, பதக்கமோ, பழம்பாட்டோ பிரிந்தவரை இணைத்துவைக்கும். இவ்வுறுப்பு நம்மவர்க்குப் புதிதன்று. சாகுந்தலத்தில் மோதிரம் உண்டு. அரிச்சந்திரன் கதையில் கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலி உண்டு. சிலம்பிலோ காற்பரலே சான்றாகிறது. எனினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. மோதிரமும் தாலியும் பிரிந்தவரைக் கூட்டுகின்றன. கண்ணகியின் சிலம்பு உண்மையை உரைக்கும்போது கோவலன் உயிரோடில்லை. உண்மை உரிய காலத்தில் வெளிப்படுமாயின் அது மெலோடிராமா. காலங்கடந்து வெளிப்படுமாயின் அது அவலம் என்று ஒருவாறு வரையறுக்கலாம்.

திரையில் கேட்ட குரல்

இம்மரபைத் திரைக்குக் கொணர்ந்தோருள் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் முதன்மையானவர். 1874இல் பாரிசில் நடிக்கப்பெற்ற 'இரு அநாதைகள்' என்னும் நாடகத்தைத் தழுவி 1921இல் அவர் 'புயலின் அநாதைகள்' என்னும் படத்தை எடுத்தார். கதை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக்கு மாற்றப்பட்டது. லிலியன் கிஷ், டோரதி கிஷ் என்னும் உடன்பிறந்த நடிகையர் இருவரே கதையிலும் உடன்பிறப்புகளாக வளர்ந்தோராய் நடித்தனர். இளையவள் லூயிஸ் கண்பார்வை இழந்தவள். குழந்தைப் பருவத்தில் கைவிடப்பட்டவள். பாரிசில் அக்காளைப் பிரிந்து, இரக்கமற்ற ஒருத்தியிடம் சிக்கித் தெருவில் பாடிப் பிச்சையெடுக்கிறாள்.

மாடியறையில் மூத்தவள் ஒரு சீமாட்டியோடு உரையாடிக்கொண்டிருக்கிறாள். அச்சீமாட்டியே லூயிசைப் பெற்ற தாய். அப்போது கீழே தெருவில் லூயிசின் பாட்டு எழுகிறது. படத்தில் ஒலி இல்லை. ஆயினும் லிலியன் கிஷ்ஷின் முகத்தில் ஐயமும் நம்பிக்கையும் தவிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்போது, கேளாத பாட்டைக் காண்போர் கேட்கின்றனர். சொல்லாமற் சொல்லும் இந்நுட்பம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தென்னகத்து முயற்சிகள்

இந்தியாவில் 1913இல் பால்கே வெளியிட்ட 'ராஜா அரிச்சந்திரா'வே முதல் முழுநீளக் கதைப்படமாகக் கொள்ளப்படுகிறது. அதில் நடிக்கப் பெண்கள் முன்வராமையால், உணவகத்தில் பணிபுரிந்த சாலுங்கே என்னும் இளைஞர் தாராமதியாக நடித்தார். சென்னையில் மோட்டார் உதிரிபாக வணிகம் செய்துவந்த நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் 'கீசகவதம்' எடுத்தார். மக்கள் முன்னரே அறிந்த புராணக் கதைகள் பேச்சின் துணையின்றியே விளங்கின. கதை தெரியாத ஒரு சமூகப் படத்தை எடுப்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

அத்துணிவு அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியலுக்கு இருந்தது. அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. 1956 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. நாடார் குலப் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859இல் அரச ஆணை பெற்ற மண் அது. டேனியல் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 'விகதகுமாரன்' என்னும் படத்துக்குக் கதை எழுதி, இயக்கி, அவரே நாயகனாகவும் நடித்தார். 'தொலைந்த குழந்தை' என்பதே அத்தலைப்பின் பொருள். மலையாளத்தின் முதற் கதைப்படம் இதுவே.

திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் சந்திரகுமாரனைப் பூதநாதன் என்னும் கொடியவன் இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். சிறுவன் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து, வெள்ளைக்கார முதலாளியின் அன்பால் மேற்பார்வையாளனாக உயர்கிறான். உறவினன் என்று அறியாமலே ஜெயச்சந்திரனோடு நட்புக் கொள்கிறான். இருவரும் திருவிதாங்கூருக்கு வருகின்றனர். அங்கே சரோஜினி என்பவளை ஜெயச்சந்திரன் காதலிக்கிறான். அவளைக் கடத்தமுயலும் பூதநாதனிடமிருந்து நண்பர்கள் அவளை மீட்கின்றனர். சந்திரகுமாரனின் முதுகிலுள்ள தழும்பு, அவன் சரோஜினியின் தமையன் என்பதை வெளிப்படுத்துகிறது. தாயகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற எண்ணற்ற தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய தழும்பு எதுவும் வாய்க்கவில்லை என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

அரங்கினுள் இருந்த பூதநாதன்

சரோஜினியாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்திற் பிறந்தவர். தமிழும் மலையாளமும் விரவிய காக்காரிசி நாடகத்தில் பயிற்சியுடையவர். கதையில் அவர் ஏற்ற வேடமோ நாயர் குலப்பெண். படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் வெளியாயிற்று. அவ்வாண்டு 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் என்பது பிற்கால ஆய்வாளர் காட்டும் முடிவு. வைக்கம் போராட்டம் 1924-25இல் நடந்து முடிந்திருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல் தான் வரவிருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இப்படம் திரையேறியது.

நாயகன் ரோசியின் கூந்தற் பூவை முத்தமிடும் காட்சி வந்தபோது அரங்கில் கொந்தளிப்பு எழுந்தது. திரைமீது கற்கள் வீசப்பட்டன என்பர். தொடக்கவிழாவுக்கே ரோசி வரக்கூடாது என்று தடுக்கப்பட்டதாகவும் கூறுவர். பின்னர் அவரது குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உயிர்தப்பிய அவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து, லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில் எஞ்சிய நாளைக் கழித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. பின்னர் அவர் நடிக்கவே இல்லை.

மெலோடிராமாவின் வலிமையும் குறையும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன. தீமை முழுவதையும் ஒரு பூதநாதனிடம் ஏற்றிவைத்து, அவன் வீழ்ந்ததும் உலகம் செம்மையுற்றதாகக் காட்டுவது அதன் இலக்கணம். நல்லோர்க்காகக் கண்ணீர்விட அது காண்போரைப் பழக்குகிறது. ஆனால் ரோசிக்கு நேர்ந்த தீமைக்குப் பூதநாதன் என ஒருவன் இருக்கவில்லை. திரையிலிருந்த சரோஜினியைக் கொடியவனிடமிருந்து காக்க வேண்டுமென்று விரும்பவேண்டிய அரங்கமே அவளாக நடித்த பெண்ணை ஊரைவிட்டு விரட்டியது. கதையின் நீதியைச் சாதி உள்ளே நுழைய விடவில்லை.

பிந்திய அடையாளங்காணல்

படம் பொருளீட்டவில்லை. நிலையத்தை மூடிவிட்டு டேனியல் தமிழகத்தில் பல் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். படச்சுருள் எஞ்சவில்லை; சிறுவனாயிருந்தபோது விளையாட்டாக அதனைத் தாம் எரித்துவிட்டதாக அவருடைய இளைய மகன் பின்னாளிற் கூறினார். இந்திய மௌனப்படங்கள் ஏறத்தாழ 1300இல் பெரும்பாலானவை இன்று இல்லை. அவ்விழப்பில் இதுவும் ஒன்று.

பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் டேனியலைத் தேடிக் கண்டு எழுதியதால் அவர் பெயர் மீண்டது. ஆயினும் டேனியல் 1975இல் வறுமையிலேயே மறைந்தார். கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரை இட்டது 1992இல். ரோசியின் பெயர் வெளிச்சத்துக்கு வர இன்னும் காலமாயிற்று. அவர் வாழ்வைப் பற்றி வினு ஆபிரகாம் எழுதிய 'நஷ்ட நாயிகா' என்னும் புதினமும், டேனியலைப் பற்றி இயக்குநர் கமல் 2013இல் எடுத்த 'செல்லுலாய்டு' என்னும் படமும் அவரைப் பலருக்கு அறிமுகம் செய்தன. கேரளத் திரையுலகப் பெண்களின் அமைப்பு 2019இல் தொடங்கிய திரைப்படக் கழகத்துக்கு அவர் பெயரையே சூட்டியது.

விகதகுமாரனில் தழும்பு உரிய காலத்தில் சான்றுரைத்தது. அப்படத்தை உருவாக்கியவருக்கும் அதில் நடித்தவருக்கும் சான்று சிலம்பைப்போலக் காலங்கடந்தே வந்தது. ரோசி நடித்த ஒரு காட்சியைக்கூட இன்று எவரும் காண இயலாது. ஆதலின் மௌனப்பட வரலாற்றை எழுதுவோர் எஞ்சிய படங்களை ஆராய்வதோடு நிறைவுறாமல், எஞ்சாதவற்றில் நடித்தோரையும் அவர்களுக்கு நேர்ந்ததையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளனர்.