சாண்ட் பேப்பரோடு போன வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். எமது பாடசாலையில் நடந்த ஒரு விடயம் இது. பிழை எங்கள் பக்கம்தான். அதனால்தான் எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு சிறு கண்காட்சி ஒழுங்கு செய்திருந்தோம். "வீட்டில் இருக்கிற பழைய சாமான்களைக் கொண்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அதோடு இன்னொரு வசனமும் சொன்னோம்: "நல்லாச் சுத்தம் பண்ணிக் கொண்டு வாங்க."

பாக்குவெட்டி வந்தது, படிக்கம் வந்தது, செப்புக் குடம் வந்தது, பழைய காசுகள் வந்தன. தரம் 9 மாணவர் ஒருவர் தன் மூத்தாப்பாவோடு வந்தார். மூத்தாப்பாவின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கத்தி. கொம்புப் பிடி. முதுகு தடித்த அலகு. முதுகை ஒட்டிப் பித்தளையும் வெள்ளியும் பதித்த கொடி வேலைப்பாடு. கண்டி இராச்சியக் காலத்துப் பட்டறைகளில் செய்யப்பட்ட 'பிஹ கெத்த' வகைக் கத்தி அது என்பது பார்த்தவுடன் விளங்கியது.

ஆனால் அலகு நேற்று வாங்கிய கரண்டி மாதிரிப் பளபளத்தது. நுணுக்கமாகச் செதுக்கிய இலைகளில் பாதி மழுங்கிப் போயிருந்தன. வெள்ளித் தகட்டின் ஓர் ஓரம் தேய்ந்து இல்லாமலே போயிருந்தது.

"சேர், ராவு முழுக்க சாண்ட் பேப்பரால தேச்சன். கறள் எல்லாம் போயிட்டு" என்றார் மாணவர். முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

நாங்கள் மூத்தாப்பாவைப் பார்த்தோம். "புள்ள மேல பிழை இல்ல சேர். சுத்தம் பண்ணச் சொன்னீங்களாமே" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கத்தியைப் பற்றித் தேடி வாசித்து வருகிறோம். வாசித்ததில் உங்களுக்கும் பயன்படக் கூடியதைச் சொல்கிறோம்.

முதலில் அந்தக் கத்தியைப் பற்றி. கண்டி மன்னர்களுக்கென்று 'பட்டல் ஹத்தர' எனப்படும் நான்கு பட்டறைகள் இருந்தன. அரண்மனைக்கு வேண்டிய நகை, ஆயுதம், அலங்காரப் பொருட்கள் அங்கே உருவாயின. பிஹ கெத்தவும் அந்தக் கைகளின் வேலைதான். இரும்பை அடிப்பவர், வெள்ளி பதிப்பவர், பிடி செதுக்குபவர் என்று ஒரு கத்திக்குப் பல கைகள் சேர வேண்டும். மன்னருக்குச் சேவகம் செய்தோரும் பிரதானிகளும் இடுப்பில் செருகியது இந்த வகைக் கத்தி. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானதோடு அந்தப் பட்டறைகளைத் தாங்கிய அரசவையும் முடிந்துபோனது.

முஸ்லிம் குடும்பத்துக்கு இது எப்படி வந்தது என்று சிலர் கேட்டார்கள். கண்டி இராச்சியத்தில் எமது முன்னோர் பலர் தவளம் நடத்தியவர்கள். பொதி மாடுகளில் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏற்றி, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறக்கியவர்கள். 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பிரிவில் அரசனுக்காகவே அந்த வேலையைச் செய்தார்கள். வைத்தியர்களாக அரண்மனைக்குப் போய் வந்தவர்களும் இருந்தார்கள். தமது மூத்த தலைமுறை ஒன்றுக்குச் சேவைக்காகக் கிடைத்த கத்தி இது என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை. எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கத்திதான்.

இரண்டாவது, அந்த அலகின் இரும்பு.

பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ அணைக்கட்டு கட்டப்பட்ட காலத்தில், நீரில் மூழ்கப் போகும் பகுதிகளில் தொல்லியல் ஆய்வு நடந்தது. ஜில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் மலை முகடுகளின் மேற்குச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகளை வரிசை வரிசையாகக் கண்டார். துருத்தி வைத்து ஊதிய உலைகள் அல்ல அவை. தென்மேற்குப் பருவக்காற்று, கிழக்கில் உள்ளவர்கள் கச்சான் என்கிறார்களே, அந்தக் காற்றை நம்பிக் கட்டிய உலைகள். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவை எரிந்திருக்கின்றன. காற்றால் மட்டும் இரும்பு உருக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1994இல் அதே மாதிரி உலையைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள். இரும்பு மட்டுமல்ல, கரிமம் கூடிய நல்ல உருக்கும் கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது.

இதில் எமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்பாஸிய கலீபா முஃதஸிமின் காலம் அது. எந்த ஊர் உருக்கு, எந்த ஊரில் அடித்த வாள், அலகில் ஓடும் ரேகை எப்படி, அதன் அடி நிறம் என்ன என்று வகை பிரித்து எழுதியிருக்கிறார். அந்த வகைகளில் ஒன்று ஸரந்தீப் உருக்கு. எமது நாட்டு உருக்குத்தான். அது இங்கேயும் வாளாக அடிக்கப்பட்டது, குராசான் போன்ற தூர இடங்களுக்குப் போய் அங்கேயும் அடிக்கப்பட்டது என்கிறார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் பக்தாதில் இருந்த ஒருவர் எமது நாட்டு இரும்பைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது வகுப்பே அமைதியானது.

கவனியுங்கள், அல்-கிந்தி வாளை இனங்கண்டது அதன் மேற்பரப்பைப் பார்த்து. அலகைத் துலக்கி, மருந்திட்டு எடுக்கும்போது தெரியும் அந்த நீரோட்டம் போன்ற ரேகைக்கு 'ஃபிரிந்த்' என்று பெயர். ஒரு வாள் எங்கே பிறந்தது என்பதை அதன் தோலே சொல்லும்.

இந்தக் கலை அண்மைக் காலம் வரை இங்கே முற்றாக அழியவில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூலில், பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பும் உருக்கும் செய்யப்பட்ட முறையைப் பதிவு செய்திருக்கிறார். களிமண் குகைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சிராய்களையும் இட்டு, மூடி, தீயில் வைப்பார்கள். ஆவாரை என்றால் நாம் கொதிக்க வைத்துக் குடிக்கும் ரணவராதான். மரத்தின் கரிமம் இரும்புக்குள் ஏறி உருக்காகும். அவர் பார்த்த காலத்திலேயே அந்த வேலை தெரிந்தவர்கள் ஓரிருவர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

எங்கள் மாணவரின் வீட்டுக் கத்தி எந்த இரும்பில் ஆனது? மலைநாட்டு இரும்பாக இருக்கலாம், கப்பலில் வந்த இரும்பாகவும் இருக்கலாம். உலோகத்தின் உள்ளே இருப்பது இன்னும் இருக்கிறது. அறிந்தவர் சோதித்தால் ஒரு நாள் சொல்லக் கூடும். ஆனால் செதுக்கியவரின் உளித் தடம், பதித்த வெள்ளி, இருநூறு வருடம் கைபட்டுக் கறுத்த அந்த நிறம், இவை மேற்பரப்பில் மட்டும்தான் இருந்தன. அவை திரும்ப வராது.

மூன்றாவது, சொல்லத் தயங்கிய விடயம். அந்தக் கத்திக்கு இவ்வளவு கறள் ஏன் பிடித்தது?

மூத்தாப்பாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவருடைய வாப்பா ஒவ்வொரு மாதமும் அதை எடுத்து, பழைய சாரன் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி வைப்பாராம். இவரும் அப்படியே செய்து வந்தாராம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நிறுத்திவிட்டார். அந்த மே மாதம் வாள், கத்திகளைப் பொலிஸில் ஒப்படைக்கும்படி அறிவித்தார்கள். அன்றாட வீட்டுப் பாவனைக் கத்திகள் அதில் அடங்காது என்றும் சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களில் எமது வீடுகளில் இருந்த பயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குசினிக் கத்தியைக் கூட ஒளித்து வைத்தவர்கள் உண்டு. பரம்பரைப் பொருட்களைக் கிணற்றிலும் ஆற்றிலும் போட்டவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டோம். இவர் போடவில்லை. தோல் உறையோடு பெட்டிக்கு அடியில் வைத்தார். எடுத்துத் துடைக்கவும் பயம். அத்தனை வருடமும் அது ஈரத்தோடு கிடந்தது.

பயத்தில் பிடித்த கறளை, ஆசையில் ஒரு பிள்ளை ஒரே இரவில் தேய்த்து எடுத்தது. இடையில் எமது ஒரு வசனம்.

இனி, இப்படியான பொருள் வீட்டில் இருப்பவர்களுக்கு, நாங்கள் படித்து அறிந்தவை:

1. கறுப்பும் கறளும் ஒன்றல்ல. இரும்பில் வருடக்கணக்கில் படியும் கருமையான, வழுவழுப்பான படலம் அதைப் பாதுகாக்கும். அதைத் தொடாதீர்கள். செம்மண் நிறத்தில், பொடிப்பொடியாக, விரலில் ஒட்டுவதுதான் அரிக்கும் கறள்.

2. சாண்ட் பேப்பர், கம்பித் தும்பு, சாம்பல், பற்பசை, தேசிக்காய், புளி எதுவும் வேண்டாம். முதல் நான்கும் தேய்க்கும், மற்ற இரண்டும் அமிலம். பளபளப்பான அலகில் ஒரு கீறல் விழுந்தாலும் அதை எடுக்கச் சுற்றியுள்ள இரும்பையும் தேய்த்துக் குறைக்க வேண்டி வரும்.

3. செங்கறள் புள்ளி இருந்தால் அதன் மேல் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு மூங்கில் சிராய் போன்ற, இரும்பை விட மென்மையான ஒன்றால் மெதுவாகச் சுரண்டுங்கள். முழுதும் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். கறள் நின்றால் போதும், மறைய வேண்டியதில்லை.

4. வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. விரல் ரேகை பட்ட இடத்தில் அதே ரேகை வடிவில் கறள் எழும்பும். ஜப்பானில் பழைய வாளைக் கையில் எடுப்பவர்கள் அலகைத் தொடுவதில்லை, மூச்சுக்காற்றின் ஈரம் கூடப் படாமல் பார்ப்பார்கள்.

5. துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால், முதுகுப் பக்கமிருந்து கூர்ப் பக்கம் நோக்கித் துடையுங்கள். கூரின் மேல் துணியை ஓட்டினால் துணியும் வெட்டும், கையும் வெட்டும். வெள்ளி பதித்த இடத்தில் அழுத்த வேண்டாம். வேலைப்பாட்டுக்குள் பித்தளை துலக்கும் திரவம் போடவும் வேண்டாம்.

6. பழைய ஆட்கள் தேங்காய் எண்ணெய் பூசினார்கள். அவர்களுக்கு அது சரி, ஏனென்றால் மாதா மாதம் துடைத்துப் புதிதாகப் பூசினார்கள். பூசிவிட்டு வருடக்கணக்கில் விட்டால் அது காறிப்போகும், தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். இப்போது தையல் மெஷின் எண்ணெய் போன்ற கனிய எண்ணெய் நல்லது. ஒரு துளி போதும். பூசிய பின் துணியால் ஒற்றி எடுங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலம் நின்றால் சரி.

7. தோல் உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைக்கும், பதனிட்ட தோலில் உள்ள அமிலம் இரும்பைத் தின்னும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். அலகை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் இருந்தால் கூட வையுங்கள். மழைக் காலத்தில் மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

8. எதையும் செய்ய முன் படம் எடுங்கள். யாருடையது, யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாங்க வருபவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். தொல்பொருட்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு போவது சட்ட விரோதம்.

அந்த மாணவரைப் பற்றிக் கேட்பீர்கள். அவரைக் கூப்பிட்டு, "சுத்தம் பண்ணச் சொன்னது நாங்கள், எப்படி என்று சொல்லாமல் விட்டதும் நாங்கள்" என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னோம். இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, மூத்தாப்பாவும் அவரும் முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து அந்தக் கத்தியைத் துடைக்கிறார்கள். போன முறை நாங்களும் போயிருந்தோம். மழுங்கிய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. மறுபக்கத்தில், சாண்ட் பேப்பர் எட்டாத பிடியின் ஓரத்தில், ஒரு சிறு இலை மட்டும் முழுதாக மிஞ்சியிருக்கிறது. மாணவர் அதைத்தான் எங்களுக்கு முதலில் காட்டினார்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அடியில் இப்படி ஏதும் இருந்தால், பயப்படாமல் வெளியே எடுங்கள். தேய்க்காமல் துடையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.