நெருஞ்சிலும் நொதித் தடையும்: சோதனைக் குழாய்ச் சான்றின் எல்லை

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி வட்டாரத்தைப் போன்ற மானாவாரி நிலங்களில் தரையோடு படர்ந்து, மஞ்சள் பூப்பூத்து, முட்காய் காய்க்கும் நெருஞ்சில், சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெடுங்காலமாக வழங்கப்படுவதோடு, இரத்த அழுத்தத்தைத் தணிக்கக்கூடிய மூலிகையாகவும் இன்று ஆராயப்படுகிறது. ஒரு மூலிகைச் சாறு குறிப்பிட்ட நொதியைத் தடுக்கிறது என்னும் ஒற்றை அளவீட்டை மட்டும் வைத்து அதனை அழுத்தத் தணிப்பான் என்று துணிவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்நொதி, ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி ஆகும். பத்து அமினோ அமிலங்களாலான ஆஞ்சியோடென்சின் 1 என்னும் பொருளிலிருந்து இரண்டை வெட்டி நீக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றும் இந்நொதியின் செயல்மையத்தில் ஒரு துத்தநாக அயனி அமைந்துள்ளது. குஷ்மனும் சியுங்கும் 1971இல் வெளியிட்ட சோதனை முறையில், நொதி ஒரு செயற்கைப் பெப்டைடை வெட்டும்போது பிரியும் ஹிப்யூரிக் அமிலம் எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுக்கப்பட்டு, 228 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுகிறது. அமிலம் குறைந்தால் தடை நிகழ்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இச்சோதனை தூய சேர்மங்களுக்குப் பொருந்தும் அளவுக்குக் கலவைச் சாறுகளுக்குப் பொருந்துவதில்லை. ஆவாரம்பட்டை தோல் பதனிட உதவுவதற்குக் காரணம் அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதே. நொதியும் புரதமாதலால், துவர்ப்பு மிகுந்த எந்தச் சாறும் அதனையும் அவ்வாறே பற்றி முடக்கி, போலித் தடையைக் காட்டிவிடும். துத்தநாகத்தைக் கவர்ந்துகொள்ளும் பொருள்களும் இதே மயக்கத்தைத் தரும். மறுபுறம், சாற்றிலுள்ள பீனால் சேர்மங்கள் தாமே 228 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால், மெய்யான தடையும் மறைந்துபோகலாம். ஆகவே டானின் நீக்கிய சாற்றையும், ஆல்புமின் புரதம் மிகுதியாகச் சேர்த்த சாற்றையும், நொதியில்லாத வெற்றுக் கலவையையும் உடன்வைத்து அளப்பது இன்றியமையாதது.

நொதித் தடை என்னும் ஒற்றை அளவீடு போதாது என்பதை வரலாறும் உணர்த்துகிறது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து கிடைத்த டெப்ரோடைடு நொதியைத் தடுத்து, ஊசிவழி செலுத்தியபோது அழுத்தத்தையும் குறைத்தது. ஆனால் பெப்டைடாதலால் வாய்வழி மருந்தாகப் பயன்படவில்லை. துத்தநாகத்தைப் பற்றும் சிறிய மூலக்கூறாகக் கேப்டோப்ரில் வடிவமைக்கப்பட்ட பின்னரே மாத்திரை கைக்கு வந்தது. மாறாக, 1949இல் ருஸ்தம் ஜால் வகில் தம் ஆய்வால் உலகின் கவனத்துக்குக் கொணர்ந்த சர்ப்பகந்தி, நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் இருப்பைக் குறைத்து அழுத்தத்தைத் தணிப்பது; இந்நொதியைத் தடுத்து அன்று. இச்சோதனை ஒன்றே சல்லடையாக இருந்திருந்தால் அம்மூலிகை கைநழுவியிருக்கும்.

நெருஞ்சிலுக்குச் சற்று வலுவான சான்று உண்டு. ஈரானிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறுநீரகத் தமனியை நெருக்கி அழுத்தம் உயர்த்தப்பட்ட எலிகளுக்கு அதன் நீர்ச்சாறு கொடுக்கப்பட்டபோது, அழுத்தத்தோடு திசுக்களில் நொதியின் செயலும் குறைந்தது. ஆயினும் நெருஞ்சில் சிறுநீர்ப் பெருக்கியாகவும் கருதப்படுவதால், தணிவில் எவ்வளவு நொதித் தடையால் விளைந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பட்டாசு ஆலைகள் நிறைந்த எம். புதுப்பட்டி வட்டாரத்தில் திரட்டப்படும் செடிகளைக் கழுவி, பேரியம், அலுமினியம் போன்ற உலோகப் படிவு உண்டா என்று பார்ப்பதும் முறை. குழாயில் கிடைத்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தும் நோயாளிக்குப் பக்கவாதம் நேரக்கூடும் என்பதால், இக்கண்டிப்பு மூலிகையைக் குறைத்து மதிப்பதாகாது. அதனை நம்பி வருவோருக்குச் செய்யும் கடமையாகும்.